குண்டானில் மிதந்த கோழி

விடுதிச் சமையலறையில் எல்லோரும் 'கரண்டி' என்றே அழைக்கும் பெரிய சமையல்காரர், இருபத்திரண்டு வருடத்தில் எண்ணெய் தெறித்தும் பயந்ததில்லை, மீசையில் பாதி கருகியும் பயந்ததில்லை. திங்கட்கிழமை புது மேலாளரம்மா நாலே நாலு ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொடுத்தார். கரண்டி முதல்முறையாகப் பயந்து, அந்தத் தாளைச் சுடுசட்டி போல நுனிவிரலால் பிடித்துக்கொண்டார்.

"இனி ஆர்டர் இப்படித்தான் வரும். வெள்ளிக்கிழமை செஞ்சு காட்டுங்க. தப்பாச்சுன்னா காய் நறுக்கற மேஜைதான்."

பேக், ரோஸ்ட், ஸ்டூ, போச். வீட்டில் மருமகள் பொறுமையாக விளக்கினாள். "ஸ்டூன்னா துண்டு துண்டாப் போட்டுக் குழம்போட ரொம்ப நேரம் வேகவிடறது. போச்னா கொதிக்காத தண்ணியில மெதுவா வேகவிடறது. மத்த ரெண்டும் ஒரே சூட்டுப் பெட்டிதான் மாமா. மாவு போனா பேக், கறி போனா ரோஸ்ட்."

"ஒரே பெட்டிக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு?"

"உங்க மேலாளரம்மாவையே கேளுங்க."

கேட்கிற தைரியம் இருந்தால் அவர் ஏன் மருமகளிடம் வருகிறார்?

அவருக்கு எதுவும் தலையில் நிற்காது, கையில்தான் நிற்கும். எனவே நாலு சொற்களையும் தமிழில் எழுதி, அந்தந்த வேலைக்கான பாத்திரத்தில் ஒட்டினார். பாத்திரத்தைத் தூக்கும்போதெல்லாம் சீட்டைப் பார்த்து முணுமுணுத்தார். பாத்திரம் கழுவும் அக்காவோ எழுதப் படிக்கத் தெரியாதவர், மகா அக்கறைக்காரர். சீட்டு நனையக் கூடாதென்று தினமும் உரித்து வைத்து, கழுவித் துடைத்து, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பாத்திரத்தில் நேராக ஒட்டி வைத்தார். புதன்கிழமை, சீட்டு இடம் மாறியிருக்கிறதோ என்று கரண்டிக்கு லேசாக இடித்தது. ஆனால் பயந்து போன மனிதர் தன் புத்தியையா நம்புவார்? சீட்டை நம்பினார்.

வெள்ளிக்கிழமை மேலாளரம்மா ஒரு முழுக்கோழியை நீட்டினார். "ரோஸ்ட்."

ரோஸ்ட் சீட்டு குண்டானில் இருந்தது. கரண்டி குண்டான் நிறையத் தண்ணீர் ஊற்றி அடுப்பேற்றிக் கோழியை இறக்கினார். அது மல்லாந்து மிதந்தது. மேலாளரம்மா குண்டானை எட்டிப் பார்த்தார்.

"இப்படி யார் சொல்லிக் கொடுத்தது?"

குழாயடியில் அக்காவின் கை அப்படியே நின்றது. அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். கரண்டிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது.

"நானாத்தான் படிச்சேன்மா."

"அடுத்த வெள்ளி வரைக்கும் நறுக்கற மேஜை. அப்புறம் இன்னொரு தடவை பார்ப்போம். அதுதான் கடைசி."

மாலையில் வெங்காயத்துக்கு நடுவே கரண்டி அழுதுகொண்டிருந்தார். வசதியான இடம், யாரும் காரணம் கேட்கவில்லை. அக்கா ஈரக்கையில் நாலு சீட்டோடு வந்து நின்றார்.

"எது எதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணே. மறுபடி தப்பா ஒட்டிடுவேனோன்னு பயமா இருக்கு."

கரண்டி ஒரு சீட்டை எடுத்தார். "இது ரோஸ்ட். தண்ணியே கிடையாது. பெட்டிக்குள்ள..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள என்ன வைக்கணும்ணே, கறியா, மாவா?"

"இரு, பயமுறுத்தாதே. வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன்."