பின்னால ஒருத்தியையும் விடாதை

ஊரில சண்டை முடிஞ்ச அந்த வைகாசி மாதம் நான் ஓரிடத்தில நிண்டதா ஞாபகம் இல்லை. நாங்கள் வந்து குடியேறின ஸ்காபரோவில பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பெட்டையளின்ர ஃபுட்போல் டீமில நான் சேஃப்டி, அதாவது எல்லாருக்கும் பின்னால நிக்கிற கடைசி ஆள். உலகத்தில உள்ள வேலையளுக்கை எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வேலை அதுதான். நிண்டு பாக்கிற வேலை.

நாங்கள் விளையாடினது அமெரிக்கன் ஃபுட்போலின்ர அடிபாடில்லாத வகை. ஆளை விழுத்துறேல்லை. பந்தோட ஓடுறவளின்ர இடுப்பில தொங்கிற நாடாவை இழுத்தாச் சரி, அவள் அதிலயே நிக்கவேணும். கேக்கச் சுகமாத்தான் இருக்கு. ஆனா எதிர் டீம் ஸ்பிரெட் எண்டு சொல்லி, ஆக்களை இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் பரப்பி நிப்பாட்டினா எங்கட பாடு அவ்வளவுதான். நாங்களும் ஆளுக்கொரு ஆள் எண்டு பரந்தா நடு வெறிச்சுப்போகும். நடுவை அடைச்சா கரையால போயிடுவாளவை. அதால ஆளைக் கலைக்கிறேல்லை, இடத்தைத்தான் காக்கிறது. உன்ர இடத்துக்கை வாறவளை நீ பார். தாண்டிப் போறாளெண்டா அடுத்தவளிட்டச் சொல்லிக் குடு. எனக்கங்கால குடுக்க ஆளில்லை. பின்னால ஒருத்தியையும் விடாதை எண்டு கோச் தொண்டை கிழியக் கத்துவா.

அந்தச் சொல்லிக் குடுக்கிறதைத் தமிழில செய்தம். இடதுகரையில நிண்டவள் என்ர சிநேகிதி, மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் பெட்டை. "உன்ர பக்கம் ஒருத்தி வாறாள்!" எண்டு நான் கத்த, "விடு, நான் பாக்கிறன்!" எண்டு அவள் கத்துவாள். எதிர் டீமுக்கு ஒரு கோதாரியும் விளங்காது. எங்களுக்கு அதில சரியான எழுப்பம்.

வீட்டுக் கதை வேற. அப்பா சண்டை நடந்த வன்னியில. சமாதானக் காலத்தில பெரியப்பாவுக்குச் சுகமில்லை எண்டு பாக்கப் போனவர், சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்ட அங்கயே அம்பிட்டுப் போனார். மாசியோட அவரின்ர போனும் நிண்டிட்டுது. அவருக்குப் பாடமாத் தெரிஞ்சது எங்கட வீட்டு நம்பர் மட்டுந்தான். அதால அம்மா வேலைக்கு லீவு போட்டிட்டு அந்தப் போனோடயே கிடந்தா. அவ குளிக்கப் போனா நான் கதவுக்கு வெளியில போனோட நிக்கவேணும். எங்கட சனமெல்லாம் சண்டையை நிப்பாட்டச் சொல்லி டவுன்டவுனில றோட்டில நிண்டு கத்திக்கொண்டிருந்துது. அங்க போனா, இப்ப வீட்டில போன் அடிக்குதோ எண்டிருக்கும். வீட்டில இருந்தா, அங்க நிக்கேல்லையே எண்டு நெஞ்சு எரியும். அம்மாவோட கத்தினன், ரீவியோட கத்தினன். "ஒருக்கா இருந்து சாப்பிடனடி" எண்டு அம்மா கெஞ்சுவா. நிண்டுகொண்டுதான் சாப்பிட்டன்.

சண்டை முடிஞ்சுது எண்டு ரீவியில சொல்லிச் சில நாளில எங்களுக்கு அரையிறுதி. நான் போகமாட்டன் எண்டன். அம்மாதான் கலைச்சா. "உன்னை வீட்டில வைச்சிருந்தா எனக்கு விசர் பிடிக்கும். போ. போன் வந்தா நானே வாறன்." பள்ளிக்கூடம் எங்கட றோட்டு முடியிற இடத்திலதான் இருந்துது.

அண்டைக்கு வந்த டீமும் ஸ்காபரோதான். முதல் தரம் பந்து கிளம்பினவுடனயே நான் வழமைபோலக் கத்தினன், "உன்ர பக்கம் வாறாள்!" வந்தவள் ஓடுற ஓட்டத்திலயே திரும்பி, "ஓம் ஓம், வாறன், ஏலுமெண்டாப் பிடி!" எண்டாளே பாருங்கோ! நீளப் பின்னல் போட்ட தமிழ்ப் பெட்டை. என்ர சிநேகிதி சிரிச்ச சிரிப்பில அவளை விட்டிட்டாள். அதுக்குப் பிறகு நாங்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லச் சொல்ல, பின்னல்காரி அதைக் கேட்டுக் கேட்டு நாங்கள் விட்ட இடத்துக்கை போய் நிண்டு பந்தை வாங்கினாள். வாயை மூடினம். மூடினாப்போல ஆர் ஆரைப் பாக்கிறதெண்டே தெரியேல்லை. "என்னடி, தமிழ் மறந்துபோச்சோ?" எண்டு என்னைத் தாண்டிப் போகேக்கை கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பின்னலைப் பிடிச்சு இழுக்கலாம் போல இருந்துது. அந்த ஆத்திரத்துக்கையும் என்ர கண் கேற்றிலதான்.

ரெண்டாம் பாதி. அவளவை நல்லாப் பரந்து நிக்கினம், பின்னல்காரி தூரக் கரையில. அப்ப கேற்றுக்குள்ளால அம்மா வாறா. வீட்டுச் செருப்பு, ஜக்கெற் இல்லை, கையில வீட்டுப் போன்! அது எங்கட வாசலைத் தாண்டினா வேலை செய்யாது. அம்மா ஓடி நான் என்ர வாழ்க்கையில கண்டதில்லை. அழுறாவோ சிரிக்கிறாவோ எண்டு அவ்வளவு தூரத்தில தெரியேல்லை. பந்து கிளம்பிட்டுது. கோச் என்ர பேரைச் சொல்லிக் கத்துறா. கடைசி ஆளும் மண்ணாங்கட்டியும் எண்டு நான் அம்மாவிட்ட ஓடினன்.

"அப்பா கதைச்சவர்" எண்டா அம்மா. மூச்சு வாங்குது. "முகாமில நிக்கிறாராம். ஆரோ ஒருத்தரின்ர போன். உடன கட்டாகிப் போச்சு."

"பெரியப்பா ஆக்கள்?"

"அவர் சொல்லேல்லை. நான் கேக்கவும் இல்லை."

நான் "அப்பா, அப்பா" எண்டு அம்மாவைக் கட்டிப்பிடிச்சுக் குழறினன். அப்பா இருக்கிறார் எண்ட சந்தோசம் ஒரு பக்கம், கேக்காமல் விட்டது ஒரு பக்கம்.

நிமிர்ந்து பாத்தா, பின்னல்காரி பந்தோட எங்களிட்ட நடந்து வாறாள். நான் விட்ட இடத்தால போய், கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் அடிச்சிருக்கிறாள். அவளின்ர டீம் அங்க துள்ளுது, இவள் இங்க வாறாள். பகிடி பண்ணத்தான் வாறாள் எண்டு நினைச்சு, "உனக்கு இப்ப என்னடி வேணும்?" எண்டு பாய்ஞ்சன்.

அவள் என்னைப் பாக்கவே இல்லை. "அன்ரி, போனில நம்பர் விழுந்ததோ? எனக்கும் தருவியளோ?"

அம்மா போனைத் திருப்பிப் பாத்தா. "விழேல்லைப் பிள்ளை."

"பரவாயில்லை அன்ரி. அங்கிள் திரும்ப எடுத்தா, எங்கட அப்பாவை அங்க கண்டவரோ எண்டு மட்டும் கேளுங்கோ." அவரின்ர பேரையும் ஊரையும் சொன்னாள். நடுவர் பந்தைக் கேட்டு விசில் அடிக்கிறார். அவள் பந்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

அம்மா அந்தப் பேரை ஒருக்காத் தனக்குள்ள சொல்லிப் பாத்தா. பிறகு அவளின்ர கையைப் பிடிச்சு, "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" எண்டா.