கிட்டங்கியில் மிச்சம் வைத்த பெட்டி

எங்கள் கடலை மிட்டாய்க் கம்பெனியில் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் ஒரே வழிதான் இருந்தது. கத்துவது. நான் டெஸ்பாட்ச் மேஜையில் இருப்பேன். கழுகுமலையிலிருந்து ஒரு கடைக்காரர் போனில் கேட்பார். நான் ஜன்னலைத் திறந்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் சரக்கு அடுக்கும் கிட்டங்கியைப் பார்த்துக் கத்துவேன். அதன் பொறுப்பாளர், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள், உள்ளேயிருந்து பதிலுக்குக் கத்துவாள். கடலை வறுக்கும் சத்தத்தில் இருபது என்றது எனக்குப் பன்னிரண்டாகக் கேட்கும். நான் ஓடுவேன். எனக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும் என்பதால், அந்த முற்றத்தில் நான் நடந்த நாட்கள் குறைவு.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கழுகுமலை பஸ்ஸில் வந்து போவாள். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் எங்கள் தமிழ். ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தே அதில் ஒரு பாக்கெட் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். அந்தத் திறமைமேல் எனக்கு மரியாதையும் உண்டு, கொஞ்சம் பொறாமையும் உண்டு.

நிலைமை மாறியது வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்கள் கடைகளுக்குள் நுழைந்தபோதுதான். அவர்கள் மிட்டாய் எங்கள் மிட்டாய்க்கு உறை போடக் காணாது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கடையில் சரக்குத் தீரும் முன்பே அவர்கள் வண்டி வாசலில் நிற்கும். எங்கள் வண்டியோ தேவைப்படாத கடையில் பெட்டியை இறக்கிவிட்டு, தேவைப்பட்ட கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்சிருக்கேன்னுல்லா சேரும்போது சொன்ன?"

பதினைந்து வருஷமாக அந்த டிப்ளமா சான்றிதழ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. கேட்டாரே என்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கவில்லை. அன்று மாலை சேலையை எடுத்தெறிந்து அதைத் தேடினேன்.

அப்படித்தான் எங்களுக்கு சாஃப்ட்வேர் வந்தது. ஒவ்வொரு நாளும் அடுப்பிலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஈட்டுக்கும் ஓர் எண். அந்த ஈட்டில் கட்டிய பெட்டிகள்மேல் ஒட்டுச்சீட்டு. கிட்டங்கிக்குள் போகும்போது ஒரு தடவை ஸ்கேன், வெளியே வரும்போது ஒரு தடவை. பேக்கிங் பெண்கள் முதல் வாரம் ஒருத்தி நெற்றியில் ஒருத்தி அந்த ஸ்கேனரை வைத்து, "இவ எந்த ஈடுன்னு பாரு" என்று சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். முதலாளி அதைவிட மோசம். கல்யாண வீட்டுப் பந்தியில் வலது கையால் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இடது கையால் போனில் இருப்பைப் பார்த்தார். அவர் வீட்டம்மா என்னிடம் வந்து புகார் சொன்னார்கள்.

இரண்டு மாதத்தில் பலன் தெரிந்தது. மணியாச்சி ஜங்ஷன் பக்கத்துக் கடையில் சின்ன பாக்கெட்தான் ஓடுகிறது, பெரியது தூங்குகிறது என்று திரை சொன்னது. கழுகுமலையில் திருவிழாவுக்கு முந்தைய இரண்டு நாளில் எல்லாம் காலியாகிறது என்றும் சொன்னது. அடுத்த திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பே எங்கள் வண்டி போய் நின்றது. வெளியூர் வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. கடைக்காரர் போனில் அதைச் சொன்னபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். வெட்கமே படவில்லை.

அந்த நேரத்தில்தான் பல ஊர்களில் பெரிய கடைகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் எங்கள் மிட்டாயைக் கேட்டது. எந்தப் பாக்கெட்டைக் காட்டினாலும் அது என்றைக்குச் செய்தது, எந்தக் கடலையில் செய்தது, எங்கே போனது என்று அரை மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சொல்லிவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர். இது எங்களுக்கு எவ்வளவு பெரிது என்றால், மழை மாதங்களில் மிட்டாய் நமத்துப் போகும் என்று சின்னக் கடைகள் சரக்கு எடுப்பதில்லை. ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் பேக்கிங் பெண்களுக்கு வேலை கிடையாது. அக்காவும் அந்த மாதங்களில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பெட்டியில் குச்சி அடைப்பாள். அவள் மகள் நர்சிங் சேர்ந்து, ஃபீஸ் கட்ட வேண்டியிருந்த வருஷம் அது. பெண்கள் தினமும் என் மேஜையைத் தாண்டும்போது "என்ன ஆச்சு, வருவாவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அந்த நிறுவனத்தார் சோதிக்க வருவதற்கு முந்தின நாள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று திரையைத் திறந்தேன். எப்போதோ விற்றுத் தீர்ந்திருக்க வேண்டிய ஈடுகள் ஒன்றுகூடத் தீரவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி மிச்சம். வரிசை வரிசையாகச் சிவப்பு. பழைய சரக்கைத் தேக்கி வைத்திருக்கும் கம்பெனி என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். மெஷின் தப்பு என்று முதலில் மெஷினைத் திட்டினேன். பிறகு கிட்டங்கிக்கு ஓடினேன்.

கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோரம், அந்தப் பெட்டிகள் அத்தனையும் தேதிப்படி அடுக்கி இருந்தன.

"என்னக்கா இது?"

"அடி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? குதிருல நெல்லு எடுத்தா உங்க வீட்டுல துடைச்சா எடுப்பீய? ஒரு பிடியாவது அடியில விடணும்லா. இல்லன்னா மறுபடி எப்படி நிறையும்?"

அவள் சொல்வது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் வீட்டு அரிசி டப்பாவையும் நான் துடைத்து எடுத்ததில்லை. ஆனாலும் அன்று எனக்குக் கண்மண் தெரியாத கோபம். பெண்கள் எல்லாரும் பார்க்க, "உன்னாலதான் ஆர்டர் போகப் போவுது, இந்த மழைக்கும் எல்லாரும் வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாப் பெட்டியையும் உடனே தூக்கி வெளியே போடச் சொன்னேன். அக்கா ஸ்கேனரை மேஜைமேல் வைத்தாள்.

"முதல்ல என்னைய அனுப்பு. பொறவு பெட்டிய அனுப்பு."

முதலாளி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலைல பாத்துக்கிடலாம்" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் துடைத்து எடுக்க மனசு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் வந்தது ஓர் அம்மா. காரிலிருந்து இறங்கி வாசல் தாண்டுவதற்குள் செருப்பில் கரிசல் மண் அப்பிக்கொண்டது. அதைப் பற்றி முகம் சுளிக்காததால் எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. பையிலிருந்து எங்கள் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார்கள். திருநெல்வேலியில் ஒரு கடையில் வாங்கினதாம். பிரித்தால் எண்ணெய் கெட்ட சிக்கு வாடை அடித்தது.

"இதைப் பத்திச் சொல்லுங்க."

எண்ணை அடித்தேன். செய்த நாள், கடலை வாங்கிய வியாபாரி, ஏற்றிய வண்டி, இறக்கிய கடை எல்லாம் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு வரிசை கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"சரி. இது இங்கேயே கெட்டுப்போச்சா, இல்ல கடையில கெட்டுதா?"

இது சாஃப்ட்வேருக்குத் தெரியாது. மிட்டாய் எங்கே போனது என்று அது சொல்லும். நல்லதாகப் போனதா என்று எப்படிச் சொல்லும்? ஆர்டர் கை நழுவிவிட்டது என்று நினைத்தேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "எந்த ஈடு?" என்றாள். எண்ணைச் சொன்னேன். முற்றத்தைத் தாண்டிப் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு பெட்டி. அதே நாள், அதே ஈடு. ஒரு பாக்கெட்டைக் கிழித்து அந்த அம்மாவிடம் நீட்டினாள். கடித்த சத்தம் எங்களுக்கே கேட்டது. மொறுமொறுவென்று, வாசனை மாறாமல் இருந்தது. கடையில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அந்த அம்மாவே சொன்னார்கள்.

"எல்லா பேட்ச்லயும் ஒண்ணு எடுத்து வைக்கிறீங்களா?"

"ஆமா. ஒண்ணையும் தவற விட மாட்டேன்," என்றாள் அக்கா.

"பெரிய பெரிய கம்பெனியிலதான் இதுக்குன்னு தனி ரூம் வச்சிருப்பாங்க. இந்த ஏற்பாடு யாரோடது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். டிப்ளமாக்காரி நான்தானே. ஒரு கணம் சபலம் தட்டியது உண்மை. பிறகு, "இவியளோடதுதான். நேத்து இதுக்காக இவியள நான் ஏசினேன்" என்று சொன்னேன். முதலாளி இருமினார். அந்த அம்மா சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, இன்னொரு துண்டை ஒடித்து என் கையில் வைத்தாள். எங்கள் மிட்டாயை அவ்வளவு ருசித்து நான் தின்றதே இல்லை.

சாஃப்ட்வேர்க்காரர்களிடம் சொல்லி அடுத்த வாரமே ஒரு கட்டம் சேர்த்தேன். பெயர் என்ன வைக்க என்று கேட்டார்கள். "அடி" என்றேன். சிவப்பெல்லாம் பச்சையானது. ஆனால் அந்த நிறுவனத்திலிருந்து "தகவல் சொல்கிறோம்" என்பதற்கு மேல் ஒரு தகவலும் வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. பெண்கள் என் மேஜையைத் தாண்டும்போது கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் அந்த நிறுவனத்தின் மெயில் வந்தது. நான் நான்கு தடவை படித்தேன். முதலாளி ஒரு தடவை படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெண்கள் எல்லாருக்கும் சொல்லு என்றார். முதல் போன் அக்காவுக்குத்தான்.

வருஷா வருஷம் மழை பிடித்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று போன் போடுவது நான்தான். அதை நான் மறந்துபோனேன், அவள் மறக்கவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே பேசினாள்.

"தெரியும்ட்டி. மழை வந்துட்டுல்லா. தீப்பெட்டி ஆபீஸ்ல சொல்லி வச்சிட்டேன். நீ ஒண்ணும் வருத்தப்படாத, என்ன."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று எடுக்காமல் இருக்கிறாள் என்று புரிந்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"அதான் சொல்லிட்டேன்லா."

"நாளைக்கு ஏழு மணிக்கே வரணும்க்கா. ஆர்டருக்கு ரெண்டு லாரி வருது."

அவள் போனை வைக்காமலே வீட்டுக்குள் திரும்பித் தெலுங்கில் எதையோ வேகமாகச் சொன்னாள். அதில் எனக்குப் புரிந்தது மகள் பெயர் மட்டும்தான்.