அப்பா சட்டையில் காய்ந்த உப்புக்கோடுகள்

அப்பாவின் நீல வேலைச் சட்டைக்கு ஒரு வாசனை உண்டு. வியர்வை, கிரீஸ், ஈரக் கரி... மூன்றும் கலந்தது. மைன்ஸில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கழற்றி வாசல் கொடியில் போடுவார். நெய்வேலி வெயிலில் அது அட்டை மாதிரி விறைத்துவிடும்.

நான் அப்போது காலேஜ் கடைசி வருஷம். போன் கேமராவும் கையுமாகத் திரிவேன். வேப்பமரப் பட்டை, மண்மேட்டை மழை அரித்த தடங்கள், குவார்ட்டர்ஸ் ஜன்னல் கம்பிகளின் நிழல்... ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தால் போதும், எடுத்துவிடுவேன்.

ஒருநாள் அந்தச் சட்டை கண்ணில் பட்டது. முதுகு முழுக்க வெள்ளை வளைவுகள். அலை வடிந்த மணல் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று. மிக நெருங்கி எடுத்து, காலேஜ் கண்காட்சிக்குக் கொடுத்தேன்.

தலைப்பு: 'இயற்கையின் கோலங்கள்'.

சேட்டிலைட் படமா, உப்பளமா என்றெல்லாம் கேட்டார்கள். நண்பன் அன்வர் மட்டும் கண்டுபிடித்தான். குவார்ட்டர்ஸ்காரன். அவன் அப்பாவும் மைன்ஸ்தான்; ஆனால் பெர்மனென்ட், ஏசி ரூமில் வேலை. என் அப்பா கான்ட்ராக்ட்.

"சட்டதானடா இது? எங்க அத்தா சட்டையில இந்த டிசைன் வராதேடா!"

கிண்டல் இல்லை. நிஜமான ஆச்சரியம். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரே ஊர், ஒரே கரி. கான்ட்ராக்ட்காரன் முதுகில் மட்டும் உப்பு பூத்தால், அதற்குப் பெயர் இயற்கையா?

பரிசு கிடைத்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பாவிடம் காட்டினேன்.

"தொவைக்காத சட்டைய ஏன்டா ஊருக்கே காட்டிக்கினு வர? உங்கம்மாவத்தான் பேசுவாங்க."

மறுநாளிலிருந்து வந்தவுடன் சட்டையை அவரே வாளியில் முக்கிவிடுவார். அந்தக் கோடுகளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இப்போது அப்பா வேலையை விட்டுவிட்டார். நான் போகிறேன். டிகிரி இருக்கிறது, அன்றைக்கு இருந்ததைவிட நல்ல போன் இருக்கிறது. வேலை மட்டும் அதே கான்ட்ராக்ட்.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா... இத போட்டோ புடிக்கலியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கிண்டலா, கோபமா, வருத்தமா... உங்களில் யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.

போனை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அதே வளைவுகள், அதே இடத்தில்.

நான் ஃபோகஸ் செய்வதற்குள் அப்பா சட்டையை உருவி வாளியில் முக்கிவிட்டார்.