ஆடியா, ஆவணியா?

போன சித்திரையில் என் கிளினிக்கில் ஒரு குடும்ப வழக்கு. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்பதுதான் பிரச்சினை.

ஓலைத்தொடுவாயிலிருந்து வந்த றீற்றாவுக்கு அது முதல் பிள்ளை. கூடவே கணவர் அன்ரன், மாமியார் மரியம்மா. கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் யார் திகதி சொல்கிறார்கள்? முசலி முஸ்லிம் பெண்கள் பெருநாளைச் சொல்வார்கள், ஓலைத்தொடுவாய்ப் பெண்கள் திருவிழாவைச் சொல்வார்கள்.

“மடுத் திருவிழாவுக்குப் போன அண்டுதான் டொக்டர்…”

எந்தத் திருவிழா? மடு மாதா கோயிலில் ஆடியிலும் ஒன்று, ஆவணியிலும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஆறு கிழமை!

“ஆடிதான்” என்றார் மாமியார். “நானும்தானே கூடப் போனனான்.”

றீற்றா நிலத்தைப் பார்த்தாள். அன்ரன் மின்விசிறியைப் பார்த்தார்.

இது சிரிக்கிற விஷயமில்லை. ஸ்கேனில் பிள்ளை சிறிதாக இருந்தது. ஆடிக் கணக்கு சரியென்றால், மாதம் நிறைந்தும் பிள்ளை வளரவில்லை — உடனே வெளியே எடுக்க வேண்டும். ஆவணி என்றால் பிள்ளை மாதத்துக்கேற்ற அளவுதான். அவசரப்பட்டு எடுத்தால், ஒழுங்காக மூச்சுவிடத் தெரியாத குறைமாதப் பிள்ளையை நானே வெளியே இழுத்துப் போட்டவளாவேன். முதல் மாதங்களில் ஸ்கேன் எடுத்திருந்தால் அது தீர்ப்புச் சொல்லியிருக்கும். அப்போது இவர்கள் தெற்குக் கரைக்கு மீன்பிடிக்கப் போய் வாடியில் தங்கியிருந்திருக்கிறார்கள். கடைசி மாதங்களில் எடுக்கும் ஸ்கேனோ கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு பக்கமும் தலையாட்டும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாகவே இருந்தது.

“றீற்றா, பிழையாச் சொன்னா பிள்ளைக்குத்தான் ஆபத்து. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

றீற்றா நிமிர்ந்தாள். “ஆடியா இருக்கவே ஏலாது டொக்டர். அப்ப நானும் இவரும் கோவம்.”

எங்கள் ஊரில் இரண்டு பேர் ‘கோவம்’ என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். பேச்சுவார்த்தையே இல்லையென்றால்… மற்றதெல்லாம் எங்கே?

“ஏன் கோவம்?” மருத்துவக் காரணத்துக்காகத்தான் கேட்டேன். நம்புங்கள்.

“புது வள்ளத்துக்கு மரியம்மா எண்டு பேர் எழுதிப்போட்டார்.”

“அது மாதாட பேர்தானே டொக்டர்!” என்றார் அன்ரன்.

“ஓம், ஓம்… எந்த மாதா எண்டு எனக்குத் தெரியாதே!”

மாமியாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அதுவரை அவரும் அதைத் தேவமாதாவின் பெயர் என்றுதான் நினைத்திருந்தாராம்.

“என்ட பேரோ மகன்?” என்று கேட்டபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. மருமகளுக்கு இன்னும் கொஞ்சம் பற்றியெரிந்திருக்கும்.

அடுத்த சண்டை தொடங்குமுன் நான் முந்திக்கொண்டேன். “சரி, எப்ப ராசியானீங்கள்?”

“ஆவணித் திருவிழாவுக்குப் போட்டு வந்துதான்” என்றார் அன்ரன், மின்விசிறியிடம். “அதுவரைக்கும் சோறு போட்டவ. கதைக்கேல்ல.”

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அப்ப… ஆவணியாத்தான் இருக்கும் டொக்டர்.”

கத்தியை எடுக்காமல் காத்திருந்தேன். அடிக்கடி வரவழைத்துப் பார்த்தேன். பிள்ளை ஒழுங்காக வளர்ந்துகொண்டு வந்தது. வைகாசிக் கடைசியில் பிறந்தாள் — நல்ல நிறை, வார்டு முழுக்கக் கேட்கும் அழுகை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதனால் இப்போதெல்லாம் மாதவிடாய்த் திகதியைக் கேட்ட கையோடு இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். “கடைசியா எப்ப ராசியானீங்கள்?”

சென்ற கிழமை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி யோசிக்கவேயில்லை.

“ஒரு நாள்தான் டொக்டர் ராசி. அடுத்த நாளே திரும்பக் கோவம்!”