பெரியப்பா அண்ணியைச் சொன்னார்

எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரி என்றால் நான்தான். கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கிற வேலை என்னிடம் வந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. பெரியப்பாவின் குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் போய்விட்டதை முதலில் தெரிந்துகொண்டவன் நான். அவரிடம் பக்குவமாகச் சொன்னவனும் நான். நசரத்பேட்டையில் லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டியே காலத்தைக் கழித்தவர், கேட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அண்ணியும் வந்தாள். பெரியப்பாவின் மகன், அதாவது என் அண்ணன், லாரியோடு வடக்கே போயிருந்தான். மாமனாருக்கும் மருமகளுக்கும் ஆகவே ஆகாது. குழம்பில் உப்பு, டிவி சத்தம், பாத்ரூமில் பீடி நாற்றம், ஏதாவது ஒன்று. ஆட்டோவில்கூட ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி வந்தார்கள். நடுவில் நான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இனி ஏற்றுகிற மருந்து கட்டியைக் குறைக்காது, ஆளைத்தான் வாட்டும் என்றார். வலி தெரியாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வருஷக்கணக்கில் நினைக்காதீர்கள், மாதக்கணக்கில் நினையுங்கள் என்றார். பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களால பேச முடியாம போனா, உங்களுக்காக யார் முடிவு சொல்லணும்?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"இந்தப் பொண்ணு," என்றார் பெரியப்பா, அண்ணியைக் காட்டி.

அண்ணியே திடுக்கிட்டுப் போனாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு, மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். புதைப்பதா எரிப்பதா, யாருக்குச் சொல்லி அனுப்புவது, யாரை வாசலோடு நிறுத்துவது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சண்டையும் நிற்கவில்லை.

"பீடிய கீயே போடு மாமா. கட்டிலோட எரிஞ்சி போயிட்டா, சுடுகாட்டுக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பெரியப்பா இருமி இருமிச் சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஒருநாள் காலை அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது அவரிடம் கேட்டே விட்டேன். ஏன் என்னைச் சொல்லவில்லை?

"நீ உட மாட்ட நைனா. இன்னொரு ஊசி, இன்னொரு ஆஸ்பத்திரின்னு இய்த்துகினே போவ. அவளுக்கு எம்மேல கடுப்பு கீது. போதும்னா போதும்னு சொல்லுவா."

பாசமாக இருப்பது தப்பா என்றேன். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் என்றால் வெந்நீர் கொடுப்பாள் என்றார்.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அண்ணி மருந்தை எடுக்க ஓடினாள். நான் போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டேன். அவர்கள் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"போவ மாட்டேன்னு சொல்லிக்கீறாரு. ஊட்லயே இருக்கட்டும்."

வந்தவர்களில் ஒருவர் அவளை விட்டு என்னைப் பார்த்தார். படித்தவன் மாதிரி தெரிந்தேனோ என்னவோ. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அது என் வாய்வரை வந்தது.

"அவங்க சொல்றதுதாங்க," என்றேன்.

உள்ளே போனபோது மருந்து வேலை செய்து மூச்சு தணிந்திருந்தது. பெரியப்பா கண் திறந்து அண்ணியைத் தேடினார். அவள் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் சுவர். நான் கட்டிலை மெதுவாக இழுத்து, சுவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் பண்ணிக்கொண்டேன்.