நான் வெட்டிய கடைசி வரிகள்

சோமனூரிலிருந்து போன் வந்தபோது கோவை ஆர்.எஸ்.புரத்தில், எங்கள் சிற்றிதழ் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். "வேலுச்சாமி மாமா தறியோரமே சாஞ்சுட்டாருங்க" என்றார் அவருடைய மைத்துனர். வேலுச்சாமி அண்ணனின் கவிதைத் தொகுப்பு அப்போதும் என் மேசையில்தான் கிடந்தது. ஒன்றரை வருடமாகக் கிடந்தது. காரணம் என் பிடிவாதம். இந்த இதழில் அவரைப் படித்து அறிந்த உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

விசைத்தறி ஓட்டிக்கொண்டே கவிதை எழுதியவர் அவர். காலையில் நாள்காட்டியில் தாளைக் கிழித்ததும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். தறிகளை ஓடவிட்டு, நூல் அறுகிறதா என்று பார்த்தபடியே அதன் பின்பக்கத்தில் எழுதுவார். நாளுக்கு ஒரு தாள், ஒரு கவிதை. காய்ச்சலென்றாலும் விடமாட்டார். மாதக் கடைசியில் நோட்டில் படியெடுத்து எனக்கு அனுப்புவார்.

எதற்காக எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தறி ஓடறப்ப பேசுனா கேக்காதுங்க. அதுக்குத்தான்" என்றார். அடடா, என்ன பதில் என்று பூரித்துப்போனேன்! உழைப்பவரின் குரல் இயந்திரச் சத்தத்தில் அமுங்கிப்போவதைப் பற்றி மூன்று பக்கத் தலையங்கமே எழுதித் தள்ளினேன். அவர் படித்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றதோடு சரி.

எங்களுக்குள் சண்டை வந்தது கடைசி வரியால். ஒவ்வொரு கவிதையின் அடியிலும் ஒட்டாத வரி ஒன்று இருக்கும்.

மேகம் வந்து நின்னு பாத்துப்போட்டுப் போச்சு,
நம்ம ஊட்டுல எறங்க எடமில்லைன்னு

என்று எழுதிவிட்டு, கீழே "மாத்திரை போட்டயா?" என்பார். இன்னொன்றில் "முதுகுவலி தேவலையா?" என்றிருக்கும். ஏதோ வீட்டு ஞாபகம் கலந்துவிட்டது என்று, எல்லாவற்றையும் சிவப்பு மையால் வெட்டிவிட்டு இதழில் போட்டேன்.

இதழ் கிடைத்த அன்றே பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏனுங்க, மேல வேணும்னா வெட்டிக்குங்க. அந்த வரிய மட்டும் விட்ருங்க."

"அண்ணா, அது கவிதையே இல்லைங்க."

"அது இல்லீன்னா புத்தகமே வேண்டாமுங்க" என்று எழுந்து போனார். ஏன் என்று கேட்கும் பணிவு எனக்கு அன்று இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சோமனூர் போனேன். அவர் மனைவி ராமாத்தாள் அக்காவும் அதே தறிக்குடோனில் நூல் சுற்றுகிறவர். இருவருக்கும் நடுவே நான்கு தறிகள். அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அத்தனையும் நாள்காட்டித் தாள்கள்.

"தெனமும் எழுதிக் கொண்டாந்து எம்பக்கத்துல வெச்சுட்டுப் போவாருங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மேல இருக்கறதெல்லாம் புரியாது. கடைசி வரிய மட்டும் படிச்சுப்போட்டுத் தலையாட்டுவேன். அங்கிருந்தே பாத்துக்குவாரு."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அண்ணன் எனக்குச் சொன்ன பதிலில் தத்துவம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்தில் மனைவியோடு பேச வேறு வழியில்லாமல்தான் எழுதியிருக்கிறார்.

அக்கா முந்தானையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "அன்னிக்குச் சட்டைப்பையில இருந்ததுங்க." மேலே ஒன்றுமே எழுதவில்லை. அடியில் மட்டும் "சாப்பிட்டயா?" என்று இருந்தது. கடைசி வரியைத்தான் அவர் முதலில் எழுதிவந்திருக்கிறார்.

"இதுக்கு மட்டும் நான் தலையாட்டலீங்க" என்றார் அக்கா. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

புத்தகம் வருகிறது, எல்லாக் கடைசி வரிகளோடும். அதன் கடைசிப் பக்கத்தில் அடியில் ஒரு வரி மட்டும் இருக்கும்; அச்சுப்பிழை என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். அந்தத் தாள் அக்காவிடமே இருக்கிறது. என்னிடம் இருப்பவை நான் சிவப்பு மையால் அடித்த படிகள். அவற்றை மேசையில் கண்ணெதிரிலேயே வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஒரு வரியை வெட்டக் கை போனால், இதை யாருக்கு எழுதினீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அண்ணனிடம் ஒரேயொரு முறை கேட்டிருக்கலாம்.