பெருமுக்கல் மலையிலிருந்து ஒரு பதில்

சில வருஷங்களுக்கு முன்பு கார்த்திகை மாதத்தில் பெய்த அந்தப் பெருமழையை விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதற்கே அந்த மழைதான் காரணம்.

திண்டிவனத்தில் அனிமேஷன் ஸ்டூடியோவா என்று எல்லோரும் கேட்பார்கள். ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. வாசலில் போர்டு கூடக் கிடையாது. எங்கள் சார் சென்னையில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் வெளிநாட்டு கார்ட்டூன்களுக்கு வரைந்துகொண்டிருந்தவர். அந்த ஸ்டூடியோவை மூடியதும் ஊர்ப்பக்கம் வந்து, நாலைந்து பழைய கம்ப்யூட்டர்களை வைத்து இதை ஆரம்பித்தார். முதலில் மற்றவர்கள் வரைந்த கோட்டைச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் கிடைத்தது. அப்புறம் ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் வருகிற படங்களை வரையும் வேலை. பிறகு முழு ஷாட்டும் எங்களிடமே வந்தது. ஒலக்கூர், கண்டாச்சிபுரம், பெருமுக்கல் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் எல்லோரும். நான் ஒலக்கூர் பக்கத்து கிராமம். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நான் விழுப்புரத்தில் படித்துவிட்டு, வரையத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில் இங்கே சேர்ந்தேன்.

நாங்கள் வரைந்தது ஐரோப்பாவில் ஒரு நாட்டுக் குழந்தைகள் டிவியில் பார்க்கிற தொடர். ஒரு வாத்தும் ஒரு முயலும் ஊர் ஊராகப் போய்த் தபால் கொடுக்கும் கதை. கதை முழுக்கப் பனி கொட்டும். எங்களுக்குத் தெரிந்தது மார்கழிப் பனிதான். பனியில் கால் புதைந்து புதைந்து நடப்பதை வரைவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. உமி கொட்டி வைத்திருந்த ஒரு ரைஸ்மில் பின்பக்கம் போய் நடந்து பார்த்து, அதை போனில் வீடியோ எடுத்து வைத்து வரைந்தோம்.

வேலை நேராக எங்களுக்கு வரவில்லை. அந்த நாட்டுக் கம்பெனி சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும். சென்னைக்காரர்கள் எங்களுக்குக் கொடுப்பார்கள். நாங்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே அந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. வரைந்த ஷாட்டை ஒரு இணையப் பக்கத்தில் ஏற்றினால், அங்கிருந்து ஒரு அம்மா பார்த்துத் திருத்தம் எழுதுவார். காது கொஞ்சம் தாழ வேண்டும், முயல் அழுவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்க வேண்டும் என்று ஒன்றையும் விடமாட்டார். திருத்தி மறுபடி வரைவதை எங்கள் தொழிலில் ரீடேக் என்பார்கள்; அதனால் எங்களுக்குள் அவருக்கு ரீடேக் மேடம் என்று பெயர். காலையில் பக்கத்தைத் திறக்கும்போதே, "இன்னைக்கு எத்தினி பேஜாரு வந்துக்கீதோ" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அவர் எழுதியதற்குக் கீழேயே பதில் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் தொடவே கூடாது என்பது சென்னைக் கம்பெனியின் கண்டிப்பான உத்தரவு. படிக்கலாம், திருத்தலாம், பேசக்கூடாது. அப்படியே ரெண்டு வருஷம் ஓடியது.

மழை பிடித்தபோது ஒரு எபிசோடின் கடைசி ஷாட்டுகள் எங்கள் கையில் இருந்தன. திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும். அனுப்பவில்லை என்றால் அங்கே ஒளிபரப்பு தள்ளிப்போகும். ஏற்கெனவே ஒருமுறை நெட் படுத்துத் தாமதமானபோது, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை கரண்ட் போனது. ஞாயிறு போன் சிக்னலும் போனது. ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்து, கீழே ஹார்டுவேர் கடைக்குள் புகுந்துவிட்டது. சார் விழுப்புரத்தில் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார். விக்கிரவாண்டி பக்கம் ரோடே தெரியவில்லை என்றார்கள். நான் ஸ்டூடியோவுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை அறையில் தங்கியிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஏரி உடைந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்குப் பேசவும் வழியில்லை.

திங்கட்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. ஸ்டூடியோவில் பின்னணிப் படம் வரைகிற அண்ணன் பெருமுக்கல்காரர். தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிட்டார்.

"எங்க ஊரு மலை மேல ஏறினா சிக்னல் கெடைக்குதும்மா. நேத்து ஊர்ல ரெண்டு பேரு ஏறிப் பேசிட்டு வந்தாங்க. வர்றியா?"

சரியென்று ஏறி உட்கார்ந்தேன். மரக்காணம் ரோட்டில் ஓரிடத்தில் தண்ணீர் சாலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு டிராக்டர்காரர் யாரையும் எதுவும் கேட்காமல் ஆட்களையும் பைக்குகளையும் ஏற்றி ஏற்றி அந்தப் பக்கம் விட்டுக்கொண்டிருந்தார். மலைப்படியில் பாசி வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினோம். கோயில் மண்டபத்துக்குப் பக்கத்தில் போனதும் என் போன் நடுங்க ஆரம்பித்தது. அடைபட்டிருந்த செய்திகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

முதலில் பக்கத்து வீட்டு அக்கா போனுக்கு அடித்தேன். நல்லவேளை, எடுத்தார். அப்பாவிடம் கொடுத்தார்.

"நாங்க ஸ்கூல்ல கீறோம். வூட்டு செவுரு ஒண்ணு உட்கார்ந்துச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆவல. நீ எங்க கீற?"

"மலை மேல கீறேன்ப்பா."

"மழையில மலை மேல இன்னா வேலை உனக்கு?"

"சிக்னலுக்குப்பா. ஆபீஸ் வேலை."

"சரி சரி, வழுக்கும். பாத்து எறங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்பா எப்போதும் அவ்வளவுதான் பேசுவார். நான் மண்டபத்துத் தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அந்த அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அழுது முடித்த பிறகுதான் வேலை நினைவுக்கு வந்தது. சாருக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. சென்னைக் கம்பெனிக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. இணையப் பக்கத்தைத் திறந்தால் ரீடேக் மேடம் எழுதியிருந்தார். கடைசி ஷாட்டுகள் திங்கட்கிழமை வந்துவிடுமா என்று முதலில் சாதாரணமாக. அடுத்து கொஞ்சம் அவசரமாக. அதற்குக் கீழே சென்னையிலிருந்து யாரோ எங்கள் நிலைமை தெரியாமல், எல்லாம் தயார், இன்று வந்துவிடும் என்று பதில் போட்டிருந்தார்கள்.

வரைந்து முடித்த ஷாட்டுகள் மாடியில் ஸ்டூடியோவில் பத்திரமாக இருந்தன. ஆனால் கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பேசாமல் இறங்கிப் போய்விட்டால் நாங்கள் ஏமாற்றியதாக ஆகும். பதில் எழுதினால் உத்தரவை மீறியதாக ஆகும். எப்படிப் பார்த்தாலும் வேலை போகும். என் ஒருத்தி வேலை இல்லை, மாடியில் இருக்கிற அத்தனை பேர் வேலையும்.

அண்ணனைக் கேட்டேன். அவர் கீழே தெரிந்த வயல்களைப் பார்த்தார். வயல் எங்கே, ஏரி எங்கே என்று தெரியாமல் ஒரே தண்ணீர்.

"நடந்ததைத் தானே எழுதப் போற? எழுதும்மா. வர்றது வரட்டும்."

எழுதினேன். என் இங்கிலீஷ் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. இந்தப் படத்தை வரைகிறவர்கள் நாங்கள்தான். நாங்கள் சென்னையில் இல்லை, திண்டிவனம் என்ற ஊரில் இருக்கிறோம். இங்கே வெள்ளம். ஷாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் கரண்ட் வந்தால்தான் அனுப்ப முடியும். இதை ஒரு மலைமேல் நின்று எழுதுகிறேன். இவ்வளவுதான். மலையிலிருந்து ஒரு போட்டோவும் எடுத்து வைத்து, பொத்தானை அழுத்திவிட்டேன். அவர்கள் ஊரில் அப்போது விடிந்திருக்கக்கூட இல்லை.

உடனே இறங்க மனம் வரவில்லை. உட்கார்ந்திருந்தோம். அங்கே விடிகிற நேரத்துக்குப் பதில் வந்தது. திட்டு என்று நினைத்துத்தான் திறந்தேன். முதல் வரியில் அவர் கேட்டிருந்தது ஷாட்டைப் பற்றி இல்லை. நீங்கள் எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா, உங்கள் குடும்பங்கள் பத்திரமா என்று கேட்டிருந்தார். ஒளிபரப்பு விஷயத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், மலையிலிருந்து ஜாக்கிரதையாக இறங்கச் சொல்லியும் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: ரெண்டு வருஷமாக உங்கள் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆளைப் பார்க்காமலே ஒவ்வொருவர் கையும் எனக்கு அடையாளம் தெரியும், உங்களில் ஒருவர் வாத்தின் வாலை மட்டும் எப்போதும் கொஞ்சம் குஷியாக வரைகிறார், அது யார்?

அது கண்டாச்சிபுரத்திலிருந்து வருகிற எங்கள் பெண் ஒருத்தி. அந்தக் குஷி வாலுக்காகவே அவள் அடிக்கடி திருத்தம் வாங்குவாள். இதைப் படித்ததும் அவ்வளவு கவலைக்கு நடுவிலும் நாங்கள் இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம்.

நாலு நாள் கழித்துக் கரண்ட் வந்தது. ஷாட்டுகளை அனுப்பினோம். ஆனால் அதோடு முடியவில்லை. சென்னைக் கம்பெனியிலிருந்து சாருக்கு போன் வந்தது. யாரைக் கேட்டு அந்தப் பெண் பதில் போட்டாள் என்று ஒரே கோபம். நான் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் அங்க இருந்திருந்தா நானே போட்டிருப்பேன் சார்" என்றார். போனை வைத்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உண்மையைச் சொல்லணும்னா, நான் இருந்திருந்தா உன்னை எழுத வுட்டிருக்க மாட்டேன்ம்மா. பயந்துக்கினு இருந்திருப்பேன்."

அதற்கப்புறம் பல வாரம் புது வேலை எதுவும் வரவில்லை. எல்லோரும் வந்து உட்காருவோம், பழைய ஷாட்டுகளைப் போட்டுப் பார்ப்போம், சாப்பிட்டுவிட்டுப் போவோம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததே எனக்குப் பாரமாக இருந்தது. இரண்டு பேர் பாண்டிச்சேரிப் பக்கம் வேறு வேலை விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் சார் எல்லோரையும் கூப்பிட்டார். அந்தத் தொடரின் அடுத்த பாகத்தையும் நாங்கள்தான் வரைய வேண்டும் என்று அந்த நாட்டுக் கம்பெனி கேட்டுவிட்டதாம். சென்னை வழியாகத்தான், ஆனால் எங்களுக்கே என்று சொல்லி. கூடவே ரீடேக் மேடம் ஒரு மெயில் போட்டிருந்தார். படத்தின் கடைசியில் போட உங்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும், முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் அனுப்புங்கள் என்று.

குடும்பப் பெயருக்கு நாங்கள் எங்கே போவது? எங்களுக்கு இருப்பது இனிஷியல்தான். கடைசியில் அந்த ஒற்றை எழுத்தை விரித்து, எல்லோரும் அவரவர் அப்பா பெயரை எழுதிக் கொடுத்தோம். கண்டாச்சிபுரத்துப் பெண் அம்மா பெயரைக் கொடுத்தாள். அப்போது அது ஒரு வேலையாக இருந்ததே தவிர, எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

மாசிக் கடைசியில், தள்ளிப்போயிருந்த அந்த மழை நேரத்து எபிசோடு அங்கே ஒளிபரப்பானது. எங்களுக்கு லிங்க் அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது அப்பா அம்மாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். விழுந்த சுவரை அதற்குள் எழுப்பியிருந்தார்கள், பூச்சு வேலை மட்டும் பாக்கி. அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டே பார்த்தார். பாஷை புரியாவிட்டாலும் வாத்து வழுக்கி விழுந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. என் பெயர் வந்ததும் நிறுத்திக் காட்டினேன்.

"இது நான். பின்னாடி கீறது உம்பேருப்பா."

அப்பா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எம்பேரு எதுக்கும்மா அங்க?"

"அந்த ஊர்ல அப்டித்தான்ப்பா. ஒருத்தர் பேரு போட்டா பின்னாடி குடும்பத்துப் பேரும் வரும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: "முழுசாவா போட்டுக்கீறாங்க?"

தாத்தா அப்பாவுக்கு வைத்தது நல்ல நீளமான சாமி பெயர். ஆனால் எங்கள் ஊரில் அதை முழுசாகச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வேலைக்குக் கூப்பிடுகிற வீடுகளில், அவர் வயதில் பாதி கூட ஆகாதவர்கள், அதைப் பாதியாக வெட்டி முன்னால் ஒரு 'டேய்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஓடுவார். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு அது உறைக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

"முழுசாத்தான்ப்பா" என்றேன். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்துக் காட்டினேன். கடைசி எழுத்து வரைக்கும் அவர் கூடவே வந்தார். இன்னொரு தடவை ஓட விடச் சொன்னார். ஓட விட்டால் கண் சிமிட்டுகிற நேரத்தில் போய்விடுகிறது. பரவாயில்லை, ஓடட்டும் என்றார்.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார். பஸ் தெரிந்ததும் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு நம்ம ஊரு எங்க கீதுன்னு தெரியுமா?"

"தெரியும்ப்பா, மேப்ல காட்டிக்கீறேன்."

"அப்ப சரி" என்றவர், என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார்.

திருத்தங்கள் இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, அந்த அம்மா எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, நேரில் அவரைப் பார்ப்பேனா என்பதும் தெரியாது. ஆனாலும் நம்மை ஒரு வார்த்தை விசாரிக்கிற மனசு எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் இருக்கிறது, நாம் இருக்கிற இடத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் அது நம்மைத் தேடி வரும் என்பதை, ஒளிந்து ஒதுங்கியே பழகிப்போன எனக்கு அந்த ஈர நாள்தான் கற்றுக்கொடுத்தது.